ஒரு முடியளவு

உன் முகத்துக்கு முன்பே உன் கடி என்னிடம் வந்துவிட்டது.
கனசாவா, டிசம்பர்,
ஆசானோ ஆற்றங்கரைக் கிளினிக்கிலிருந்து
ஈரத்துணி சுற்றிய ஒரு பெட்டி.
இளஞ்சிவப்புப் பசையில் பதிந்த பள்ளங்கள்,
புதினா வாசம்.
சீட்டில்: ஷியோயா, ஆண், நாற்பத்தொன்று,
மேல்வரிசை, இடப்பக்கம், இரண்டாம் பல்.
வானொலி நிலையத்துப் படியில் உறைபனி வழுக்கிப்
பாதி உடைந்தது.

பள்ளங்களில் வெள்ளைச் சாந்தை ஊற்றினேன்.
இறுகும்போது சாந்து சூடாகும்,
காய்ச்சல்காரன் நெற்றி போல.
ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.
அவ்வளவுதான் நடந்தது.

முத்து என்று எழுதுகிறவர்கள் பல்லைப் பார்த்ததில்லை.
உன் நிறம் ஏ-மூன்று,
விளிம்பில் சாம்பல், ஈறோரம் தேநீர்க் கறை.
கீழ்வரிசையின் தேய்மானம் சொன்னது:
தூக்கத்தில் பல்லை நறநறக்கிறாய்.
தனியாகப் படுக்கிறாய், பக்கத்தில் யாராவது இருந்தால்
இதற்குள் உலுக்கி எழுப்பியிருப்பார்கள்.

பீங்கான் பல்லை முடித்து
உட்புறம் ஒரு முடியளவு தடிப்பாக விட்டேன்.
திரும்பி வந்தது.
அரை முடியளவு தேய்த்தேன்.
திரும்பி வந்தது.
மூன்றாம் முறை மருத்துவர் சலித்துக்கொண்டார்:
"இசுருகி-சான், நீங்களே வந்து பார்த்துவிடுங்கள்."

"வாயைத் திறவுங்கள்."
நான் உன்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.
நீலத் தாளைக் கடித்தாய்.
உன் பல்லில் என் மை.

அப்புறம் எல்லாரையும் போலத்தான் நாமும்.
ஓமிச்சோ சந்தையில் பனிக்கால நண்டு,
ஓட்டை நான் உடைத்தேன், சதையை நீ தின்றாய்.
தோட்டத்துப் பைன் மரங்களுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள்,
உச்சியிலிருந்து கிளைக்கொன்றாக,
பனி கனத்து ஒடிந்துவிடக் கூடாதென்று.
"மரத்துக்கு வலிக்காதா?" என்றாய்.
"ஒடிவதைவிடவா?" என்றேன்.
சிரித்தாய்.
நான் செய்த சிரிப்பு.

அதிகாலை ஐந்தரைக்கு நீ வானிலை வாசிப்பாய்.
'ச' வருமிடமெல்லாம் சின்னதாக ஒரு சீறல்,
நேயர்களுக்குக் கேட்காது.
சாமுய், குளிர், என்று நீ சொல்லும்போது
என் பீங்கானில் உரசிவிட்டுத்தான்
காற்று நோட்டோ தீபகற்பம் முழுக்கப் போகும்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
பல் வந்தாலும் போகும்.
எனக்கு வரும்.

பிப்ரவரியில் கேட்டாய்:
"வியாழக்கிழமை நான் பேரிக்காய் தின்றது
உனக்கெப்படித் தெரியும்?"
அலமாரியைத் திறந்து காட்டினேன்.
மெழுகில் எடுத்த அச்சுகள், தேதி போட்டு:
பேரிக்காய், ரொட்டி ஓரம், உன் மேசைப் பென்சில்,
உன் அக்கா மகள் பிறந்தநாளில்
நீ பாதி கடித்து வைத்துவிட்டுப் போன கேக்.
அந்த வீட்டுக்கு என்னை யாரும் அழைத்திருக்கவில்லை.

நீ ஒன்றும் சொல்லவில்லை,
பல்லைக் கடித்துக்கொண்டாய்.
எனக்குக் கேட்டது,
பீங்கானும் எலும்பும் உரசும் சத்தம்.

பிறகு, சப்போரோவுக்கு மாற்றல் என்றாய்.
போகட்டும்.
அங்கேயும் நல்ல பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்றாய்.
அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கணப்பு மேசைக்கடியில் காலை நீட்டி
நான் சூடாக்கித் தந்த சாக்கேயைக் குடித்தாய்.
"கசக்கிறது."
"பல் கூச்சமாக இருக்கும்."

இப்போது மணி மூன்று.
தெருவில் பனி விழுவது தெரியவில்லை, விழுந்திருப்பது தெரிகிறது.
நெற்றியிலிருந்து தாடைவரை பூசி முடித்துவிட்டேன்.
மூக்கில் இரண்டு உறிஞ்சு குழல்கள்.
பயப்படாதே, சூடு ஏறுவது இறுகுவதற்குத்தான்.
குழல்களின் வாயில் விரல்களை வைக்கிறேன்.
உன் மூச்சு தொடுகிறது, நின்று,
தள்ளுகிறது.
இன்னும் கொஞ்சம்,
ஒரு முடியளவு.

ஐந்தரைக்கு வானொலியைப் போடுவேன்.
வேறு யாரோ குளிரைப் பற்றி வாசிப்பார்.
அவருடைய 'ச'வில் ஒரு குறையும் இருக்காது.
கேட்கச் சகிக்காது.